கலந்த வண்ணங்கள் பிரிதல் தொடர்பாக

இந்த தேசத்தின் ஒற்றுமை எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் உண்டு: கல்கத்தா, சணல் சாக்குத் தரநிர்ணய மண்டல அலுவலகம், இரண்டாவது மாடி, பச்சை இரும்பு அலமாரி, மூன்றாவது தட்டு. ஆண்டுதோறும் நவம்பரில் அதை வெளியே எடுத்துத் தூசி தட்டி, ஒரு வாரம் கொண்டாடிவிட்டு, திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாவி நிர்வாக அதிகாரி சீதாராமனிடம் இருந்தது. ஆகவே யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

1997 சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டு. ஒற்றுமை வாரத்தைக் கூடுதல் உற்சாகத்துடன் அனுசரிக்கும்படியும், ஊழியர்களின் ‘தனித்திறமைகளை’ மேடையேற்றும்படியும் டில்லியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பதினோரு பேர் பாட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். டெஸ்பாட்ச் செக்‌ஷன் சுந்தரவல்லி மட்டும் ‘சீட்டு வித்தை’ என்று எழுதினாள்.

நாற்பத்து நான்கு வயதில், பத்தொன்பது வருஷ சர்வீஸில், அவள் தன்னைப் பற்றி அலுவலகத்துக்குத் தெரிவித்த முதல் தகவல் அது. காலேஜ் தெரு நடைபாதையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வாங்கி, பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் குக்கர் விசில் அடிக்கும் நேரங்களில் பழகியது. ஆறு சிவப்புச் சீட்டு, ஆறு கறுப்புச் சீட்டு. சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்குவாள். கட்டின் மேல் ஒரு விரலால் தட்டுவாள். விரித்தால் சிவப்பெல்லாம் ஒரு பக்கம், கறுப்பெல்லாம் மறு பக்கம். மூன்று வருஷமாக அவள் கணவர் சந்தானம் இதைத் தினம் பார்க்கிறார். போர்ட் டிரஸ்டில் ஒரு கப்பலைக்கூட கணக்குத் தவற விடாதவர். இன்னும் பிடிபடவில்லை.

“இன்னொரு தரம் பண்ணு. மெதுவா பண்ணு” என்பார்.

மெதுவாகவே செய்வாள். “அடடா!” என்பார். ஒரே ஒரு தடவை அந்த ‘அடடா’வை இருநூறு பேர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

கலாச்சார உபகமிட்டி முன் ஒத்திகை நடந்தது. கமிட்டி என்றால் சீதாராமனும் இடதுசாரி யூனியன் பிரதிநிதி பட்டாச்சார்யாவும். சீட்டுகள் பிரிந்தபோது இருவரும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்கள்.

“தாருண், திதி! தாருண்!” என்றார் பட்டாச்சார்யா; வங்காளியில் ‘பிரமாதம், அக்கா’ என்று அர்த்தம். பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார். “ஆனால் சிவப்பு ஏன் கீழே இருக்கிறது? வங்காளத்தில் சிவப்பு கீழே போகலாமா?”

“அதை மேல கொண்டு வந்துடலாம் சார்” என்றாள் சுந்தரவல்லி.

சீதாராமனுக்கு அதற்குள் வியர்த்திருந்தது.

“ஏம்மா, ஒத்துமை வாரத்துல சேந்து இருக்கறதைப் பிரிச்சுக் காட்டப் போறேளா?”

“சீட்டுதானே சார்.”

“இன்னிக்குச் சீட்டும்பேள். டைரக்டர் முதல் வரிசையில உக்காந்திருப்பார்.”

கோப்பு திறக்கப்பட்டது. தலைப்பு: ‘கலந்த வண்ணங்கள் பிரிதல் தொடர்பாக’. அது நான்கு மேஜைகளைக் கடந்து, ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கையெழுத்தும் ஒரு டீக்கறையும் பெற்று, ஆறாம் நாள் திரும்பி வந்தது. வித்தை அங்கீகரிக்கப்பட்டது, ஒரு சிறு திருத்தம் மட்டும். பிரிந்திருக்கும் சீட்டுகள் ஒன்றாகக் கலக்க வேண்டும்.

“சார், அதுக்கு வித்தை எதுக்கு? கலைச்சாப் போறுமே. யார் வேணா பண்ணலாம்.”

“அதாம்மா அதோட பெருமை! யார் வேணா பண்ணலாம்ங்கற மெசேஜ் எவ்வளவு உசத்தி!”

அன்று சாயங்காலம் அவள் சீட்டுக்கட்டைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். “ஏன்னா, நான் மேடையேறப் போறதில்லே” என்றாள்.

சந்தானம் யோசித்தார். “ஏறாட்டா, பயந்துட்டான்னு சொல்லுவா. ஏறிட்டு வா. உன் கையை அவாளால திருத்த முடியாது.”

ஏறினாள். ஆறு சிவப்பையும் ஆறு கறுப்பையும் சபைக்குக் காட்டினாள். கலைத்தாள். விரித்துக் காட்டினாள். அவை கலைந்திருந்தன. இருநூறு பேர், சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டுக் கைதட்டினார்கள். ஒருவரும் ‘அடடா’ என்று சொல்லவில்லை. டைரக்டர் மட்டும் எழுந்து, பன்னிரண்டு சீட்டுகளில் பாரதத்தையே தரிசித்துவிட்டதாக இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினார். சுந்தரவல்லி அவர் போர்த்திய சால்வையோடு தரையைப் பார்த்தபடி நின்றாள். வாழ்நாளில் அவளுக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

அடுத்து ‘ஒற்றுமை விருந்து’. இதிலும் சீதாராமனின் திட்டமிடல் போற்றத்தக்கது. அதிகாரி, குமாஸ்தா, பியூன் என்று மாற்றி மாற்றி உட்கார ஒவ்வொரு நாற்காலியிலும் பெயர் ஒட்டியிருந்தார். உட்கார்ந்தார்கள், போட்டோ எடுக்கும் வரை. பிறகு யாரும் யாரையும் எழுப்பவில்லை. ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் அதிகாரிகள் ஃபேனுக்குக் கீழே சேர்ந்திருந்தார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் இடப்பக்கம், சாப்பிடாதவர்கள் வலப்பக்கம், பியூன்களும் டிரைவர்களும் வெளியே மாடிப்படியில். கை வித்தையில் மூன்று வருஷம் பழகிய சுந்தரவல்லிக்கே எந்தக் கை எப்போது அசைந்தது என்று தெரியவில்லை.

“இங்க வாங்கோம்மா” என்று தயிர்சாதப் பக்கத்திலிருந்து சீதாராமன் அழைத்தார். “நம்மவா எல்லாரும் இங்கதான்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்திருப்பாள். படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“திதி!”

பியூன் உத்தமன். ஹவுரா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர். ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது.

“அன்னிக்கு ரிகர்சல்ல டீ கொண்டாந்தப்போ கதவிடுக்குல பாத்தேன். பாதிதான் தெரிஞ்சுது. ராத்திரி பூரா அதே நெனப்பு. இன்னிக்கு மேடையில நீங்க பண்ணினது அது இல்லியே?”

“இல்லே உத்தமன்.”

“அதைக் காட்டுங்களேன். இங்க எந்தக் கமிட்டி இருக்கு?”

சுந்தரவல்லி தட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தாள். படியில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு டிரைவர் தன் தோள் துண்டை விரித்தார். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. விரலால் ஒரு தட்டு.

“அடடா!” என்று உத்தமன் போட்ட சத்தம் உள்ளே ஃபேன் வரை கேட்டது.

இரண்டாம் முறைக்கு குமாஸ்தாக்கள் வந்தார்கள். மூன்றாம் முறைக்கு மீன் வறுவலைக் கையில் பிடித்தபடி பட்டாச்சார்யா வந்து, “சிவப்பு மேலே! சிவப்பு மேலே!” என்று குதித்தார். நான்காம் முறை, ஒரு டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் டைரக்டர். அவருடைய முழங்கை சீதாராமனின் தயிர்சாதத்தில் இருந்தது. இருவருமே கவனிக்கவில்லை. “இன்னொரு தரம்! மெதுவா!” என்று ஆறு பாஷையில் கேட்டார்கள். யார் மீன், யார் மோர், யார் எந்த கிரேடு என்று அந்தப் படிக்கட்டில் கடவுளால்கூட சொல்லியிருக்க முடியாது. சுந்தரவல்லிக்குச் சிரிப்பு பொங்கியது. விரல்கள் மட்டும் அடுத்த முறைக்குச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை அவள் மேஜையில் ஒரு மெமோ இருந்தது. சீதாராமன் கையெழுத்து. நடையில் குறை சொல்ல முடியாது:

‘சென்ற வெள்ளியன்று பிற்பகல் 1.40 மணியளவில், முன் அனுமதி ஏதுமின்றி, அலுவலக மாடிப்படியில், அனைத்துப் பிரிவு ஊழியர்களையும் அதிகாரிகளையும் பேதமின்றித் தாங்கள் ஒன்றுசேர வைத்தது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’