ஒளிவுமறைவில்லாத பிரசங்க பீடம்

வீட்டில் போதகர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். மற்றபடி பேச்செல்லாம் மனைவியுடையது. வாரத்தில் ஒருநாள் பிரசங்க பீடத்தில் ஏறினால் மட்டும் குறுக்கே பேச யாருக்கும் உரிமையில்லை. அதனால் ஏறியவர் லேசில் இறங்கமாட்டார். பழைய மரப்பீடம் அதற்குத் தோதாக இருந்தது. மறைவில் எத்தனை தாள் அடுக்கி வைத்திருக்கிறார் என்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பீடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சபைக் கமிட்டி கண்ணாடி மாதிரி அக்ரிலிக்கில் ஒன்று வாங்கப் போகிறதாம். யோசனை சொன்னது அவருடைய சொந்த மனைவி! இதை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

“ஏம்மா, அதுல கைரேகை படியுமே?”

“நான் துடைக்கிறேன்.”

“கீறல் விழும்.”

“மெத்துன்னு துணி வாங்கியாச்சு.”

“மரம்னா ஒரு கம்பீரம்!”

“அந்தக் கம்பீரத்தை நகர்த்த நாலு பேர் முக்குறாங்க. இதை ரெண்டு பேர் தூக்கிடலாம். பாட்டுக்குழுவையும் மறைக்காது.”

“என் குறிப்பெல்லாம் வெளியே தெரியுமே!”

“தெரியட்டுமே. இன்னும் எத்தனை தாள் பாக்கின்னு தெரிஞ்சா, உக்காந்திருக்கிறவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்ல?”

பீடம் வந்துவிட்டது. போதகர் அசரவில்லை. தாள் இருந்தால்தானே எண்ணுவார்கள்? பிரசங்கம் முழுவதையும் ஒரு டேப்லெட்டில் ஏற்றினார். அதற்குள் எத்தனை பக்கம் என்பது ஆண்டவருக்கும் அவருக்கும்தான் தெரியும்.

“இதுக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறியாம்மா?”

“சரிங்க.”

இவ்வளவு பணிவாக அவள் பதில் சொல்லி அவர் கேட்டதே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாகத்தை நிதானமாக முடித்துவிட்டு, “இரண்டாவதாக...” என்று குனிந்தார். திரை கறுத்துக் கிடந்தது. தட்டினார், தடவினார், ஊதிக்கூடப் பார்த்தார். பீடத்துக்குப் பின்னால் கால் மாற்றி நின்றது உட்பட அத்தனையும் சபைக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் “ஜெபிப்போம்” என்றார். அன்றைக்குப் போல அத்தனை சத்தமாகச் சபை “ஆமென்” சொன்னதே கிடையாது.

“இன்னிக்குச் செய்தி பிரமாதம் ஐயா!” என்று வாசலில் ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். அவருக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார். “சரிங்கன்னு தலையாட்டினியே, சார்ஜ் போட்டியா இல்லையா?”

“போட்டேனே,” என்றாள் மனைவி, தட்டை எடுத்து வைத்தபடி. “அரை மணி நேரத்துக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு.”