சவர்க்காரம் போட்ட தாராக்கள்

விஞ்ஞானம் படிக்காதவனால் வீட்டுக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஒழுங்காகப் படித்து முடித்தவனாலும் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா குந்தியிருக்கிறானே, அவனைத்தான் எங்காவது கட்டிவைக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் உருத்திரபுரத்தில் அப்படி ஒருவன் அவிழ்த்துவிடப்பட்டிருந்தான். அது நான்தான்.

அம்மா ஆறு வெள்ளைத் தாரா வளர்த்தார். (வாத்து என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஆட்களும் திரும்ப மாட்டார்கள், தாராவும் திரும்பாது.) விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி, நத்தையும் புழுவும் தின்று, பொழுதுபடத்தான் வீடு வரும். வாய்க்காலோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. ஐயா விதைத்த வயலுக்குள் இறங்கி நெல்லைப் பொறுக்கிவிட்டன. ஐயாவுக்கு நெல்மணி ஒவ்வொன்றும் பெற்ற பிள்ளை மாதிரி. (பெற்ற பிள்ளையான என்னை அவர் அப்படிப் பார்த்ததாக நினைவில்லை.)

"வியாபாரியை வரச் சொல்லிப்போட்டன். வாற திங்கள் ஆறையும் பிடிச்சுக் குடுக்கப்போறன்" என்றார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியிலை கமக்காரர் கண்காட்சி. அதிலை பரிசு எடுத்தால்?"

"உந்த நெல்லுக் கள்ளருக்குப் பரிசோ? சரி, எடுத்தால் நிக்கட்டும்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா. நான் பாக்கிறன்" என்றேன். ஆறு உயிர்களின் தலைவிதி இப்படித்தான் என் கையில் வந்து சேர்ந்தது.

என் திட்டம் முழுக்க முழுக்க விஞ்ஞானம். கொழுப்புத் தண்ணீரில் மிதக்கும். ஆகவே கொழுத்த தாரா இன்னும் எடுப்பாக மிதக்கும். நத்தை ஓட்டோடு இருப்பது, பாரம். தின்றால் தாரா கீழே இழுபடும். ஆகவே நத்தைக்குத் தடை. ஒரு கிழமை தாராக்களைக் கூட்டுக்குள் அடைத்து, சோறும் தேங்காய்ப் புண்ணாக்கும் குழைத்துக் குழைத்துக் கொடுத்தேன். கலியாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள் போலத் தின்றன. கிழமை முடிவில் நாலு அடி நடந்தால் இருந்துவிடும் பதத்துக்கு வந்திருந்தன. எனக்கு ஒரே புளுகம், பரிசே கையில் வந்துவிட்டது போல.

சனிக்கிழமை பின்னேரம் தோய வார்த்தேன். தாராவின் செட்டை இறகைத் தொட்டால் கையில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். எனக்கு அது சுத்த அழுக்காகத் தெரிந்தது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை எடுத்து, நுரை தள்ளத் தள்ள உரஞ்சினேன். அவை கத்திய கத்தலுக்குப் பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். பிசுக்குப் போகும்வரை நான் விடவில்லை.

அம்மாவும் உற்சாகமாகிவிட்டார். "கொஞ்சம் நீலத்திலை அலசு தம்பி. ஐயாவின்ரை வேட்டி மாதிரிப் பளிச்செண்டு வரும்."

வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால், மாலை போட்டுச் சப்பறத்தில் ஏற்றலாம் போல நின்றன. ஐயாவே ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, உழவு மிசினில் ஏற்றினார்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட வளவில். வயல்காரர் வளர்த்த ஆடு, மாடு, கோழி, தாரா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பரிசு. நடுவராக ஒரு மிருக வைத்தியர் வந்திருந்தார். எங்கள் தாராக்களைக் கண்டதும், "ஆ, நல்ல வெள்ளை" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு தாரா முட்டை இட்டது. இட்ட முட்டை வழுக்கிக்கொண்டு மேசையில் தொளதொளவென்று கிடந்தது. வைத்தியர் விரலால் அமத்தினார். விரல் உள்ளே போனது. கோது இல்லாத தோல்முட்டை.

"தம்பி, என்ன தீன் குடுக்கிறீர்?"

"சோறும் புண்ணாக்கும் டொக்டர். நத்தை தொடவிடேல்லை." (பெருமையோடு சொன்னேன் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.)

"அப்ப முட்டைக்கோது எங்கையிருந்து வரும் எண்டு நினைக்கிறீர்? கோதுக்கு வேண்டிய சுண்ணாம்பு நத்தை ஓட்டிலையெல்லோ இருக்கு!"

பரிசு கைநழுவுவது தெரிந்தது. அம்மாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே மனம் பதறியது. அந்தப் பதற்றத்தில், "டொக்டர், நீந்தவிட்டுக் காட்டட்டோ? நீச்சலிலை ஒருத்தரும் இதுகளுக்குக் கிட்டவும் வரேலாது" என்றேன். கன்றுகளுக்குத் தண்ணீர் அள்ளும் பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. சனம் கூடிவிட்டது. ஒரு கிழமையாக வாய்க்காலைக் காணாத தாராக்கள் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்தன.

முதல் சுற்று அருமை. இரண்டாவது சுற்றில் தாராக்கள் சற்றுப் பதிந்து தெரிந்தன. பிறகு வால் தாழ்ந்தது. பிறகு முதுகு தாழ்ந்தது. கடைசியில் தண்ணீருக்கு மேலே ஆறு கழுத்துகள் மட்டும் நின்று, என்னைப் பார்த்துக் கத்தின.

"என்ன பூசினனீர்?" என்று வைத்தியர் கத்தினார்.

"ஒண்டும் பூசேல்லை டொக்டர், சவர்க்காரம் போட்டுக் கழுவின..."

"அட பாவி! அந்த எண்ணெய்தானே அதுகளை மிதக்க விடுறது! செட்டைக்குள்ளை தண்ணி பூந்து தாண்டு போகுதுகள்!"

நான் அசையவில்லை. கொழுப்புத்தான் மிதக்குமே, ஏன் மிதக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என்னை ஒரு கை தள்ளியது. சலவை வேட்டியோடு ஐயா தொட்டிக்குள் பாய்ந்தார். ஒவ்வொன்றாக அள்ளி வெளியே நீட்டினார். கடைசித் தாராவை மட்டும் நீட்டாமல், சேட்டுக்குள் செருகிக்கொண்டு ஏறினார். செட்டையில் மிஞ்சியிருந்த நீலமெல்லாம் அவருடைய வேட்டியில். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வைத்தியரும் சிரித்தார், ஆனால் சிரிப்புக்கிடையே ஐயாவிடம், "குளிர் பிடிச்சால் அதுகள் செத்துப்போயிடும். துடைச்சுச் சூட்டிலை வையுங்கோ. கொஞ்ச நாளிலை எண்ணெய் திரும்பி வந்திடும்" என்றார்.

பரிசு ஒரு கறுப்பு ஆட்டுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் ஐயா ஒவ்வொன்றாகத் துடைத்தார். சாக்கு விரித்துத் தாராக்களை அடுப்படியில் படுக்கவைத்தார். அம்மா மூலையில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வியாபாரி வந்து படலையில் மணி அடித்தான். ஐயா எழுந்து போனார்.

"தாரா இல்லை" என்றார்.

"உள்ளை கத்திக் கேக்குது அண்ணை?"

"அது என்ரை மகன்" என்றார் ஐயா.

அம்மா அழுதுகொண்டே சிரித்ததை அன்றுதான் கண்டேன். அன்று பின்னேரமே ஐயா சிரட்டையோடு வாய்க்காலில் இறங்கி நத்தை பொறுக்கினார். பிறகு அது அவருக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கலியாணம். மாப்பிள்ளையைத் தோய வார்க்க, சொந்தக்காரர் எல்லோரும் தலையில் பாலும் அறுகும் வைத்து முடித்தார்கள். பெண் வீட்டார் கூட்டிப்போக வந்து நின்றார்கள். மாமா சவர்க்காரத்தைக் கையில் எடுத்ததுதான் தாமதம், கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஐயாவின் குரல் கேட்டது:

"கனக்கப் போடாதை! தாலி கட்ட முதல் தாண்டு போவான்!"

பெண் வீட்டார் விளக்கம் கேட்டார்கள். ஐயா முழுக் கதையையும் சொல்ல, நான் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். இன்றும் நான் குளிக்கப் போய்க் கொஞ்சம் சுணங்கினால், மனைவி கதவில் தட்டிக் கேட்கிறாள்:

"என்னப்பா, கழுத்து வெளியிலை நிக்குதோ?"