அறுபதும் எண்பதும் நூறு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கும் எல்லோரும் நலம். அந்த எல்லோரில் என்னைச் சேர்க்காதே. உன் வீட்டு மாடி அறையிலிருந்து அத்தானின் பெட்டிகளை இறக்கச் சொல். வேலையை விட்டுவிட்டு அங்கே வருகிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து நடந்துவிட்டேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

மாறுதிசை மின்சுற்றுப் பாடத்தைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து நான்காகக் குறைக்கலாமா என்று பார்க்க, நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு கல்லூரியில் என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தது. நானும் கரும்பலகையில் பெரிதாக, மின்தடையில் அறுபது வோல்ட், கம்பிச்சுருளில் எண்பது வோல்ட், இரண்டும் சேர்ந்து நூறுதான் என்று எழுதினேன். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, அதனால் செங்கோணமாக இரண்டு அம்பு வரைய வேண்டும், கிழக்கே அறுபது அடியும் வடக்கே எண்பது அடியும் நடந்தவள் வீட்டிலிருந்து நூறு அடி தூரத்தில்தானே நிற்பாள், கலப்பெண் கணக்காகப் போட்டாலும் இதே விடைதான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, மீட்டரைப் பாருங்கள் என்றேன். ஒரு மீட்டரில் முள் நாற்பத்தைந்தில் நிற்கிறது, மற்றதில் ஐம்பத்தைந்தில். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சும் அம்பத்தஞ்சும் நூறு. சின்னப் பசங்க கணக்கு. இதுக்காம்மா பன்னெண்டு வாரம்?" என்றார்.

அவர்கள் போனபின் சுருள் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்தால், சுருள் இல்லை, இன்னொரு மின்தடை இருக்கிறது. ஆய்வக உதவியாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "அறுபதும் எண்பதும் நூத்தி நாப்பதுல்ல, இருபது வருஷமா இந்தக் கணக்கு உதைக்குது மேடம். வெளி ஆளுங்க முன்னாடி உங்களுக்கு எதுக்கு அவமானம்னு நான்தான் மாத்தி வச்சேன்."

இருபது வருடமாக நான் அம்பு வரையும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவர், அக்கா. நன்றி வேறு எதிர்பார்த்தார். பக்கத்தில் நின்றவருக்கே ஏறவில்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஏறியிருக்கும்? குழு இன்று மாலை முடிவை எழுதித் தந்துவிடும். அதற்கு முன்னால் நான் ராஜினாமாவை எழுதித் தந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் என்ன படித்தாலும்.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கடைசி பெஞ்சுப் பெண்கள் மூவர் வாசலில் வந்து நின்றார்கள். நேற்று முழுக்கத் தூங்கினார்கள் என்று நான் நினைத்தவர்கள். "கணக்கு நேரா கூட்டினாலே சரியா வந்துச்சு மேடம். அதான் சந்தேகமாயிடுச்சு," என்றாள் ஒருத்தி. பெட்டியைத் திறந்து, சுருளைத் தேடிப் பிடித்து மாட்டி, தலைவரையும் அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். அறுபது, எண்பது, நூறு. தலைவர் தன் கோப்பின் அட்டையில் செங்கோணமாக அம்பு வரைந்துகொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த நம் உதவியாளர், "அப்ப மிச்சம் நாப்பது எங்க மேடம் போச்சு?" என்றார். இருபது வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

பெட்டிகள் மாடியிலேயே இருக்கட்டும். அவர் ஒருவருக்கே பன்னிரண்டு வாரம் போதாது.