உள்ளே போக ஒரு ஆள்

பிரசவ அறைக்குள் கர்ப்பிணியோடு ஒரே ஒரு ஆளைத்தான் விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கே, வீட்டில் இரண்டு பேர் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஒருத்தி தினகரனின் அம்மா கமலவேணி. இன்னொருத்தி, அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் அவனுடைய மாமியார் ரேணுகாம்பாள்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுக்குச் சொந்தம், சம்மந்தி. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க," என்றாள் ரேணுகாம்பாள்.

"பொறக்கப் போறது எங்க வூட்டுப் புள்ள. நான் உள்ள இல்லாம அது எப்படிப் பொறக்கும்?" என்றாள் கமலவேணி.

தினகரன் தறியில் உட்கார்ந்து, காது கேட்காதவன் மாதிரி நெய்துகொண்டிருந்தான். கூடத்தில் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி கீர்த்தி, எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. இவருதான் என்கூட உள்ள வரப்போறாரு. மூணாவது மாசமே சொல்லிட்டாரு."

தறியில் இழை அறுந்தது.

சொன்னது உண்மைதான். டாக்டர் "நல்ல சேதி" என்ற சந்தோஷத்தில், வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே, "நானே உள்ள வந்து உன் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவைத்தான். இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது என்கிற தைரியத்தில் ஒரு ஆம்பிளை எதைத்தான் சொல்லமாட்டான்?

தினகரனுக்கு ரத்தம் ஆகாது. அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. லேப்பில் கீர்த்திக்கு ஊசி குத்தியபோது, குத்து வாங்கியவள் எழுந்து நாற்காலியை இவனுக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "காலையில ஒண்ணும் சாப்பிடலை, அதான்," என்று சமாளித்தான். சாப்பிட்டிருந்த இட்லிகள் வயிற்றுக்குள் சாட்சியாக உட்கார்ந்திருந்தன. கீர்த்தி நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவளைத் தனியாக அந்த அறைக்குள் அனுப்புவதை நினைத்தால் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. கூடப் போவதை நினைத்தால் கண்ணை இருட்டியது. பெண்டாட்டி வலியில் துடிக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடத் திராணி இல்லாத நான் என்ன புருஷன் என்று தறிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கீர்த்தி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஏங்க, ஒரு டூலா வெச்சுக்கலாமா?"

"அது இன்னாது?"

"பிரசவத்துக்குத் துணையா இருக்கறவங்க. மூச்சு எப்படி விடணும், வலி வந்தா எப்படித் தாங்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க. கடைசி வரைக்கும் தைரியம் சொல்லுவாங்க. மாகறல்ல ஜீவிதான்னு ஒரு பொண்ணு இருக்குது. சென்னையில படிச்சிட்டு வந்திருக்குது."

தினகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே ஒரு ஆள்தான். டூலா வந்துவிட்டால் அந்த ஆள் டூலா. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"வெச்சுக்கலாம்!" என்றான். "இன்னிக்கே வரச் சொல்லு!"

அம்மாக்களிடம் சொன்னபோதுதான் அது அவ்வளவு சுத்தமில்லை என்று தெரிந்தது.

"அவ பிரசவம் பாப்பாளா?" என்றாள் கமலவேணி.

"இல்லம்மா. அதை டாக்டர் பாப்பாங்க."

"மருந்து குடுப்பாளா?"

"அது நர்ஸு குடுப்பாங்க."

"அப்போ இவ இன்னாதான் பண்ணுவா?"

"கூட இருப்பாம்மா."

"கூட இருக்கறதுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அதுவரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்த சம்பந்திகள் அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். 

மறுநாள் ஜீவிதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சின்னப் பெண். கல்யாணம் ஆகாதவள் என்று கீர்த்தி அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்; துப்பட்டா கழுத்தை மூடியிருந்ததால் அம்மாக்களுக்குத் தெரியவில்லை. கமலவேணி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் கேள்வியைப் போட்டாள்.

"உனக்கு எத்தினி கொழந்தைங்கம்மா?"

பெற்றவள்தான் பேறுகாலத்துக்குத் துணை நிற்கலாம். பெறாதவள் வாசப்படிக்கு வெளியேதான். அந்த வீட்டில் அதற்கு மறு பேச்சு கிடையாது. ஜீவிதா வாயைத் திறப்பதற்குள் தினகரன் குறுக்கே விழுந்தான்.

"மூணு!"

ஜீவிதா அவனைப் பார்த்தாள். கீர்த்தியும் பார்த்தாள். ஒன்று என்று சொல்லியிருக்கலாம் என்று அவனுக்கே அப்புறம்தான் தோன்றியது.

"மூணுமே சுகப்பிரசவமா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"மூணும் சுகப்பிரசவம், அத்தை."

"அதான் பாத்தேன். ஒடம்பு கட்டு விடாம இருக்குது பாருங்க, சம்மந்தி."

ஜீவிதா வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது. அதற்கப்புறம் தினகரனின் கஷ்டம் வேறு மாதிரி ஆரம்பித்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. கீர்த்தி ஒரு பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாள். வேர்த்து விறுவிறுத்து மூச்சு விடுவது தினகரன்.

"மூக்கால இழுங்க சார். வாயால மெதுவா விடுங்க."

"எனக்கு எதுக்கும்மா? அவளுக்குச் சொல்லிக் குடு."

"நீங்க செய்யறதைப் பாத்தாத்தான் அக்காவுக்கு வரும் சார்."

"ஆமாங்க. நீங்க பண்ணா எனக்கு ஈஸியா இருக்குது," என்றாள் கீர்த்தி, தோலை ஊதிக்கொண்டே.

இடுப்பை எங்கே அழுத்த வேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும் எல்லாம் அவனே செய்து காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் ஜீவிதா போனில் ஒரு பிரசவ வீடியோவைப் போட்டாள். தினகரன் பாயில் சாய்ந்துவிட்டான். அவள் பதறவே இல்லை. அவன் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். அடுத்த வகுப்பிலும் அதே வீடியோ. அதற்கடுத்த வகுப்பிலும் அதேதான். உள்ளே போகப்போகிறவள் இவள், தண்டனை எனக்கா என்று மனசுக்குள் அழுதுகொண்டே பார்த்தான். இதைத் தாங்கிக்கொண்டால் அந்தக் கதவுக்குள் போகாமல் தப்பிக்கலாம் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

வளைகாப்பு வந்தது. கமலவேணி நல்ல மனசுக்காரி. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஏம்மா ஜீவிதா, உன் புள்ளைங்க மூணுத்தையும் கூட்டினு வா. நான் இன்னும் கண்ணால பாக்கவேயில்லையே."

ஜீவிதா தினகரனைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் பெற்றது, நீங்களே பதில் சொல்லுங்கள் என்று இருந்தது அந்தப் பார்வை.

"அவங்க எல்லாம் ஹாஸ்டல்ல இருக்காங்கம்மா," என்றான் தினகரன்.

"கடைசிப் புள்ளைக்கு இன்னா வயசு?"

ஜீவிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பும்படியாக ஒரு வயதைச் சொன்னான். "ஒண்ணரை."

கமலவேணி கையிலிருந்த வளையல்களைத் தட்டில் போட்டாள்.

"ஒண்ணரை வயசுப் புள்ளைய ஹாஸ்டல்ல போட்டுட்டாளா? பெத்த மனசா அது? இவளா என் மருமவளைப் பாத்துக்கப் போறா?"

"இல்லம்மா, இல்லம்மா! பெரியவங்க ரெண்டு பேரும்தான் ஹாஸ்டல். சின்னது மாகறல்ல அவங்க அம்மா வூட்ல இருக்குது. தேவகின்னு அவங்க பேரு. தங்கமாப் பாத்துக்கறாங்களாம்."

கமலவேணிக்குக் கோபம் இறங்கியது, கண் கலங்கியது. தினகரன் அன்றுவரை சொன்ன பொய்களிலேயே மோசமானது, அதில் கலந்துவிட்ட இந்த உண்மைதான். ஊர்ப் பெயரையும் சொல்லி, ஆள் பெயரையும் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை கமலவேணி மாகறல் கோயிலுக்குக் கிளம்பினாள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்ளப் போகிறாளாம். அவள் தனியாகப் போய்ப் புண்ணியம் சேர்த்துக்கொள்வதை விட மனசில்லாமல் ரேணுகாம்பாளும் தொற்றிக்கொண்டாள். தினகரனுக்கு அப்போதுகூட ஒன்றும் உறைக்கவில்லை. ஜீவிதா வந்திருந்தாள். அவன் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. போனது இரண்டு பேர். இறங்கியது மூன்று பேர். மூன்றாவது அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"யாருய்யா இங்க தினகரன்? கல்யாணம் ஆவாத என் பொண்ணுக்கு மூணு புள்ளைங்க குடுத்தவரு யாரு?"

"அம்மா! நீ எங்க இங்க?" என்று எழுந்தாள் ஜீவிதா.

"நீ சும்மா இருடி. ஓரிக்கையில இருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பேச வந்து, அப்பத்தான் காபி குடிச்சிக்கினு இருக்காங்க. இந்த அம்மாங்க ரெண்டு பேரும் கிலுகிலுப்பையும் பட்டுப் பாவாடையும் எடுத்துக்கினு உள்ள வராங்க. 'ஜீவிதாவோட கடைசிப் புள்ள எங்க, கொஞ்சிட்டுப் போறோம்'னு கேக்கறாங்க. கடைசிப் புள்ளையாம்! மாப்பிள்ளையோட அத்தை டம்ளரைக் கீழ போட்டுட்டாங்கய்யா!"

"ஆத்திரப்படாதீங்க, நான் சொல்றதை..." என்று ஆரம்பித்தான் தினகரன்.

"நீ ஒண்ணும் சொல்லாதடா!" என்றாள் கமலவேணி. "பெத்தவ கிட்டயே பொய்யி. அந்த வூட்ல கிலுகிலுப்பையோட நின்னுக்கினு இருந்தேன் பாரு, பூமி பொளந்து என்னை முழுங்கியிருக்கக் கூடாதா?"

ரேணுகாம்பாள் மாப்பிள்ளையை ஒன்றும் சொல்ல முடியாமல், "நல்லா இருக்குது மாப்ளே, ரொம்ப நல்லா இருக்குது," என்று மட்டும் சொன்னாள். அது எல்லாவற்றையும்விட உறைத்தது.

தினகரன் தறி மேடையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கதவுக்குள் போகப் பயந்து ஊர்ப்பட்ட பொய் சொல்லியாகிவிட்டது. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு கெட்டது. இனி இவள் எதற்கு வருவாள்? ஏன் வரவேண்டும்? இதோடு எல்லாம் முடிந்தது என்று தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஏங்க," என்றாள் கீர்த்தி பந்தின் மேலிருந்து.

"நீயும் திட்டிடு. மிச்சம் வைக்காத."

"திட்டறதுக்கு நேரமில்லங்க. பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு."

அதே ஆட்டோதான். கீர்த்தியைச் சுற்றி அம்மாக்கள் ஏறிக்கொண்டார்கள். வண்டியை விட்டு இறங்க மறுத்த தேவகியையும் சேர்த்து மூன்று பேர். தினகரன் டிரைவரோடு அரை சீட்டில் தொங்கிக்கொண்டு போனான். ஜீவிதா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். அவள் வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். கோபம் இருந்தாலும் வருகிறாளே, மகராசி!

கீர்த்தியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நர்ஸ் ஒரு பச்சை கவுனோடு வெளியே வந்தாள்.

"ஒருத்தர்தான். யார் வரீங்க?"

"நான்," என்றாள் கமலவேணி.

"பெத்தவ நான் இருக்கேன்," என்றாள் ரேணுகாம்பாள்.

"இங்க நெசமாவே மூணு பெத்தவ நான் ஒருத்திதான். குடுங்க, நானே போறேன்," என்றாள் தேவகி.

மூன்று கைகள் கவுனைப் பிடித்து இழுத்தன. அவ்வளவு கைக்கும் நடுவே புகுந்து ஜீவிதா அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்து கீர்த்தியின் குரல் கேட்டது. வலியில் நீண்டு, கடைசியில் அவன் பெயரில் வந்து முடிந்தது. 

"ஜீவிதா," என்று கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணீர் தானாக வந்தது. "உன் விஷயத்துல நான் பண்ணது மன்னிக்கவே முடியாத தப்பு. மாகறலுக்கு நானே வரேன், ஓரிக்கைக்கும் வரேன், கால்ல விழுந்து உண்மையைச் சொல்றேன். இப்போ அவளைத் தனியா விட்டுடாதம்மா. எனக்கு ரத்தத்தைப் பாத்தா கண்ணு இருட்டுது. அது அவளுக்குத் தெரியாது. அவ கத்தறா பாரு. உள்ள போம்மா, சீக்கிரம்!"

ஜீவிதா நகரவில்லை. கவுனை உதறிப் பிரித்தாள். கை நுழைக்கும் பக்கத்தை அவனுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஓரிக்கைக் கதையை அப்புறம் பேசிக்கலாம் சார். இப்ப கையை நீட்டுங்க. மூக்கால இழுத்து, வாயால விடுங்க. லேப்ல நீங்க தலை சுத்தி நாற்காலியில உக்காந்த அன்னிக்கே அக்கா எனக்கு போன் பண்ணிட்டாங்க. என்னை வெச்சது நான் உள்ள போறதுக்கு இல்ல சார், உங்களை உள்ள அனுப்புறதுக்கு."