ஒரு மௌஸ், இரண்டு முதலாளி

"அம்பு அசையுதில்லை, அக்கா."

சிவானந்தன் மௌஸை இழுத்தான், தள்ளினான், கடைசியில் கெஞ்சியும் பார்த்தான். திரையின் நடுவில் அம்பு நின்றது நின்றதுதான்.

"நேற்று ஓடினதெல்லே?" என்றாள் கணக்குப் பார்க்கும் நாகேஸ்வரி.

"நேற்று ரெண்டிலையும் ஓடினது!"

இரண்டு என்றால், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வரும் கொன்சோல் ஒன்று. படங்களோடு வரும் டெஸ்க்டொப் மற்றது. லினக்ஸில் ஒரே மௌஸ் இந்த இரண்டு முதலாளிகளுக்கும் சண்டையில்லாமல் வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. நாட்டில் சமாதானம் பேச்சளவில்கூட இல்லாத அந்த நாளில், சிவானந்தன் அதைச் செய்து முடித்திருந்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்த அந்த மிளகாய் இறக்குமதிக் கந்தோரில் லினக்ஸ்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான். முதலாளி ஹியூபேட் அரைமனதோடு தலையாட்டிவிட்டு, நேற்றுத்தான் கெடு வைத்திருந்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு எனக்குக் காட்டுங்க சிவா. சரிவராட்டி பழையதைப் போட்டுட்டு, நீங்க கிராண்ட்பாஸ் ஸ்டோருக்குப் போங்க."

ஸ்டோரில் கூரைவரை செத்தல் மிளகாய் மூட்டை. அதன் வாசலில் நின்றாலே சிவானந்தனுக்குத் தும்மல் பிடித்துவிடும். இன்றைக்கென்று பார்த்து, வெள்ளவத்தையிலிருந்து வந்த பஸ்ஸை ஆமி இரண்டு இடத்தில் மறித்து, ஆட்களை இறக்கிச் சோதித்ததில் காலையே போய்விட்டது.

பட்டனை அமத்தினால் கேட்டது. ஆகவே மௌஸில் பிழையில்லை, செற்றிங்கில்தான் பிழை என்று முடிவுகட்டினான். கொன்சோலுக்கு மௌஸ் பார்க்கும் புரோகிராமை நிறுத்தினான். அம்பு அசையவில்லை. டெஸ்க்டொப்பின் செற்றிங்கில் மௌஸின் வகையை மாற்றினான். இப்போது பட்டனும் கேட்கவில்லை. இன்னொரு வரியை மாற்றினான். டெஸ்க்டொப்பே வரமாட்டேன் என்றது.

"தம்பி, கை வைக்காமல் விட்டிருந்தா அம்பாவது நிண்டிருக்கும்."

"பேசாம இருங்கோ அக்கா, எனக்கு இப்பவே தும்மல் வருது."

நாலு மணிக்கு ஹியூபேட் வந்தார். கறுப்புத் திரையைக் கண்டதும் அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"என்ன சிவா இது?"

சிவானந்தனுக்கு அழுகையே வந்தது. ஆத்திரத்தில் மௌஸைக் கவிழ்த்துப் போட்டான். அடியிலிருந்த ரப்பர் உருண்டை அசையமுடியாமல், அதைச் சுற்றி மஞ்சளாய் என்னவோ காய்ந்து இறுகிப் போயிருந்தது. மணந்து பார்த்தான். சந்தனம். நடுவில் குங்குமம் வேறு!

"அக்கா! நேற்று வாணி விழாவுக்கு மௌஸுக்கும் பொட்டு வைச்சனீங்களோ?"

"ஐயோ, நானில்லை! டைப்ரைட்டருக்கு வைச்சன், ஃபோனுக்கு வைச்சன், தராசுக்கும் வைச்சன். ஈரம் படக்கூடாதெண்டு நீர் துள்ளின துள்ளலில இதுக்கு மட்டும்தான் வைக்கேல்லை."

ஹியூபேட் கழுத்திலிருந்த சிலுவையை விரலால் திருகினார். தொண்டையைச் செருமினார்.

"உங்கள ஸ்டோருக்கு அனுப்ப எனக்கு மனமில்ல சிவா. எல்லாத்துக்கும் வச்சிட்டு இத மட்டும் விட்டுட்டாங்களே எண்டு நான்தான் வச்சன். ஃபாதர் கண்டா ஏசுவார் எண்டு, அடியில."