கும்மட்டி: கணப்புச் சட்டி காண்க

"கும்மட்டின்னு பாத்தா, 'கணப்புச் சட்டி காண்க'ன்னு போட்டிருக்கீங்க. அங்க போனா 'தணல் சட்டி காண்க'. தணல் சட்டிக்குப் போனா மறுபடியும் 'கும்மட்டி காண்க'! சுத்திச் சுத்திக் காலு வலிக்குதுய்யா. மூணும் ஒண்ணா, வேற வேறயா? நெருப்பு மூட்டிப் பாத்தீங்களா?"

கம்பளிக்குள்ளிருந்து வருவது போன்ற அந்தக் குரல், பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டது. காலையிலிருந்து இதே கூத்து.

ஹீட்டர் படுத்துவிட்ட அந்த அகராதி அலுவலகத்தில், அத்தனை குளிரிலும் துணையாசிரியருக்கு வேர்த்தது. முதுகு வளைந்தே இருப்பதால் அவருக்கு அங்கே 'கமா' என்று பெயர். அகராதியின் புதிய பதிப்பு மாலையில் அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் முதன்முறையாக அவர் பெயர் வரப்போகிறது. மாமனார் வீடு முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. மச்சான் மட்டும் இன்னும் நம்பவில்லை.

"அந்த ஆள் வாயை அடைங்க, அப்புறம்தான் உங்க பேரு" என்று சொல்லிவிட்டார் பதிப்பாசிரியர் மேடம்.

கமா சக ஊழியர்களிடம் கேட்டார். முதல் தப்பு அது.

"கும்மட்டிக்குக் கால் உண்டுங்க."

"ஏன், உங்க வீட்டுக் கும்மட்டி நடக்குமோ?"

"அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர் பேசுறாரு பாரு!"

அலுவலகம் மூன்று கட்சியாக உடைந்தது. கமா பழைய இரும்புக் கடைக்கு ஓடினார்.

"இதுல எதுங்க கும்மட்டி?"

"எடைக்குப் போட்டா எல்லாம் இரும்புதான் சார்" என்றார் கடைக்காரர்.

வேறு வழியின்றி மூன்று சட்டிகளை வாங்கி, நிஜக் கமாவாகவே வளைந்து மாடியேறினார். கரியைக் கொட்டி, வேண்டாத தாள்களைச் சுருட்டிப் பற்றவைத்தார். புகை மண்டியது. அபாய மணி அலறியது. மொத்த அலுவலகமும் பல் தந்தியடிக்க முற்றத்தில் வந்து நின்றது.

நல்லவேளை, வாசல் காவலாளி ஓடிவந்து, சாக்கைச் சுற்றிப் பிடித்து மூன்று சட்டிகளையும் இறக்கி, தன் அறை முன்னால் வரிசையாக வைத்தார்.

"என்னய்யா இது?" மேடம் பாய்ந்து வந்தார்.

"ஆ... ஆராய்ச்சி மேடம்!"

திட்ட வாயெடுத்த மேடத்தின் கைகள், அவரைக் கேட்காமலேயே தணலை நோக்கி நீண்டன. மூன்று கட்சிக்காரர்களும் முண்டியடித்துச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்பாடா! இதுவும் இதமாத்தான் இருக்கு, அதுவும் இதமாத்தான் இருக்கு."

"புடிச்சிட்டேன்!" கமா துள்ளினார். "மூணுக்கும் ஒரே விளக்கம் மேடம்: குளிர்காயத் தணல் இடும் இரும்புச் சட்டி!"

"சரிதான். ஆனா அந்த ஆள் ஒத்துக்கணுமே? மறுபடியும் போன் பண்ணினா?"

காவலாளி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால்களைச் சூட்டில் நீட்டினார்.

"பண்ண மாட்டேன் மேடம், சார் பேரைத் தாராளமாப் போடுங்க. ஹீட்டர் ரிப்பேர்னு எத்தனை தடவை சொன்னேன், ஒருத்தரும் காதுலயே போட்டுக்கல. அகராதில தப்புன்னதும்தானே எழுந்து ஓடுனீங்க!"