தென்னேரி சம்பந்தியும் சிங்கப்பூர் விமானமும்

உத்திரமேரூர்,
12-9-1982

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் கௌரவமாக வேலை பார்க்கும் அன்பு மச்சான் ஜானகிராமனுக்கு, உன் அக்காள் புருஷன் தாண்டவராயன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் உண்ணாமலையும் இரண்டு எருமைகளும் சுகம். உன் சுகத்துக்கும், அங்கே உனக்குச் சோறாக்கிப் போடும் அந்த மலையாளத்தானின் சுகத்துக்கும் எழுதவும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். "மாமா, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லி நீ பரண்மேல் வைத்துப்போன, ரேடியோவால் ஓட்டுகிற பொம்மை விமானப் பெட்டியைத் திறந்துவிட்டேன். எப்போது என்று கேட்பாய். நீ ஏறின பஸ் திருப்புலிவனம் தாண்டியிருக்காது.

ஆனால் நான் நாலாங்கிளாஸோடு நின்றவன் என்றாலும் நீ எழுதி ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். ஆள் தலைக்கு மேலே விடாதே, கரண்டு கம்பி கிட்டே போகாதே, காற்றடித்தால் எடுக்காதே. எல்லாம் அப்படியே கேட்டு நடந்தேன். பஞ்சாயத்துப் பூங்காவில் கபடிக்குப் போடுகிற மாதிரி சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டினால் காலை உடைப்பேன் என்று ஊருக்கே சொல்லிவைத்தேன். பூங்காக் காவலர் ஞானதாஸ் மட்டும் தாண்டி வந்து, "ரேடியோன்னா லைசென்சு வேணுமே, வச்சிக்கினு கீறியா?" என்றார். வீட்டு ரேடியோவுக்குத் தபாலாபீஸில் கட்டின லைசென்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு மாசம் கீது, ஓட்டிக்கோ" என்று விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கினார். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகி, வலது இடதாகிக் கழுத்தறுக்கிறதே, அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஏர் ஓட்டும்போது மாடு எனக்கு முதுகைத்தானே காட்டுகிறது? அதனால் அது வரும்போது நான் திரும்பி நின்று முதுகைக் காட்டி, தோள்மேல் எட்டிப் பார்த்து ஓட்டுகிறேன். பார்க்கிறவன் சிரிக்கிறான். விமானம் சிரிக்கவில்லை, சொன்ன பேச்சு கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போய், இதுவும் போனால் உன்னைச் சிங்கப்பூரிலேயே எவளாவது பிடித்துக்கொள்வாள் என்று உன் அக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளே, அந்த மூன்றாவது இடம், தென்னேரி தணிகைவேல், போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி சிட்டம்மாளோடு வீடு பார்க்க வந்தார். அவர் மகள் ஏலவார்குழலி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், உன் போட்டோவைப் பார்த்துச் சரி என்றுவிட்டாள் பாவம். அப்பன்தான் பிடிகொடுக்கவில்லை. உன் அக்காள் கேசரி, வடை என்று தடபுடல் பண்ணி வைத்தால், சிட்டம்மாள் வாசல்படியிலேயே, "பொண்ணு குடுக்கறதா முடிவாவட்டும், அப்பால கை நனைக்கறோம். அதுவரைக்கும் பச்சத்தண்ணி வேணாம்" என்று அண்ணன் பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அவர் கூரையைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார். போச்சு, மூன்றாவதும் போச்சு என்று உன் அக்காள் எனக்குக் கண்ணைக் காட்டுகிறாள்.

அந்த நேரத்தில் அவர் பார்வை வீட்டு மூலையில் நின்ற விமானத்தில் விழுந்தது.

"இன்னா இது?"

"மாப்பிள்ளையோடது. பறக்கும்."

"பொய் சொல்லாதய்யா."

அவ்வளவுதான், எல்லோரும் பூங்காவில் இருந்தோம். உன் அக்காள் எதற்கோ வடைத் தூக்கையும் எடுத்துக்கொண்டாள். நான் கோட்டுக்குப் பின்னால் அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்து, உன் காகிதப்படி முதலில் ரேடியோ, பிறகு என்ஜின் என்று கிளப்பினேன். என்ஜின் குடிக்கிற விளக்கெண்ணெயின் வாசனை ஊரெல்லாம் அடிக்க, விமானம் மேலே போய் ஒரு குட்டிக்கரணம் போட்டது. தணிகைவேல் எழுந்து நின்றுவிட்டார். வாயும் திறந்துவிட்டது. கை மட்டும் அதுபாட்டுக்குப் பெஞ்சைத் தடவிக்கொண்டு போய்த் தூக்கில் இறங்கியது. ஒரு வடை. குட்டிக்கரணம். இன்னொரு வடை. தூக்கு அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு எப்படி நகர்ந்தது என்று நான் உன் அக்காளைக் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நாலாவது வடையில்தான் சிட்டம்மாள் பார்த்தாள். "அண்ணே! இன்னா காரியம் பண்ணிக்கினு கீற! கை நனைச்சிட்டியே!"

அவர் கையில் இருந்த பாதி வடையைப் பார்த்தார். "வடைதான, சோறு இல்லியே."

"பச்சத்தண்ணின்னாலும் நனைச்சது நனைச்சதுதான்! இப்ப இன்னா பதில் சொல்லப் போற?"

நானும் வானத்தை விட்டு அவர் வாயைப் பார்த்தேன். அதில் விமானம் தள்ளாடியது. மனுஷன் மேலே பார்த்தார், வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ள சிங்கப்பூர் போறப்ப இத இங்கதான வுட்டுட்டுப் போவாரு?"

"உங்ககிட்டதான் வுட்டுட்டுப் போவாரு, சம்பந்தி" என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"அப்ப வூட்டுக்குப் போயி அந்தக் கேசரியையும் எடும்மா" என்றார். சிட்டம்மாளும் ஒரு தட்டு சாப்பிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

ஆக, தை மாதம் பதினைந்தாம் தேதி முகூர்த்தம். லீவு சொல்லிவிடு. வரும்போது விமானத்துக்கு மாற்று முன்பக்க விசிறி இரண்டு வாங்கி வா. விமானத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு ஆள்மேல் படவில்லை. உன் காகிதத்தை அப்படியே கடைப்பிடிக்கிற ஊர் இது ஒன்றுதான் இருக்கும். உனக்கு வெயிலும் மழையும் அளவாகவும், சாப்பாடு தாராளமாகவும் கிடைக்க மாகறல் ஈஸ்வரன் துணை. உன் அக்காள் உச்சி முகர்ந்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமா
தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு சேதி. சம்பந்தி இன்று காலை முதல் பஸ்ஸில் தனியாக வந்து, நான் பால் கறந்துகொண்டிருக்கையில் உன் அக்காளிடம் கேட்டு விமானத்தை வாங்கிப் போய் ஓட்டினார். அது குடிதண்ணீர் டேங்க் மேல் போய் உட்கார்ந்தது. அவரே இரும்பு ஏணியில் ஏறி, அதைக் கயிற்றில் கட்டிப் பத்திரமாக இறக்கிவிட்டார். அவர் இன்னும் இறங்கவில்லை. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறதாம். தேதியை இறங்கின பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மேலிருந்தே சொல்லியிருக்கிறார்.